குன்னூர் மூட்டத்தில் லியரின் பென்சில்

எட்வர்ட் லியர் இத்தாலியக் கடற்கரையில் போட்ட படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். படத்துக்குள் எழுத்து கிடக்கும். பாறைமேல் ஒரு சொல், மரக்கூட்டத்துக்கு நடுவில் இரண்டு சொல், கடலுக்குக் குறுக்கே ஒரு வரி. பாறை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே தப்பாக, மூன்றே எழுத்தில் முடித்திருப்பார். கீழ் மூலையில் ஊர்ப்பெயர், தேதி, மணி, ஒரு வரிசை எண். பென்சில் கோட்டின்மேல் பழுப்பு மை, அதன்மேல் நீர்த்த வண்ணம் இரண்டு மூன்று. மீதித் தாள் வெறும் தாளாகவே இருக்கும்.

பாதியில் எழுந்து போனவர் படம்போலத் தோன்றும். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பல வருஷம் கழித்தும் அந்த இடத்தின் நிறத்தை மறுபடி எடுக்க முடியும். அவர் எடுத்தும் காட்டினார். நீலகிரியில் வாட்டர்கலர் போடுகிறவர்கள் பழக வேண்டியது இந்த முறையைத்தான். வெளியில் உட்கார்ந்தே முழுப் படத்தையும் முடிக்கிற பழக்கம் வெயில் நின்று காய்கிற ஊருக்குச் சரி. ஒரு வாஷ், அதாவது தாளில் பரப்பிய நீர்த்த வண்ணப் பூச்சு, காய்வதற்குள் எதிர்மலையே காணாமல் போகிற ஊருக்குச் சரிப்படாது.

லியரைப் பலருக்கும் அபத்தக் கவிதைக்காரராகத்தான் தெரியும். பிழைப்பு என்னவோ ஓவியம். 1812-இல் லண்டனில் பிறந்தவர். 1837-இல் ரோமுக்குப் போய்ப் பத்து வருஷம்போல அதையே ஊராக வைத்துக்கொண்டார். அங்கிருந்து தெற்கே நேப்பிள்ஸ், அமால்ஃபி கடற்கரை. 1846-இல் இங்கிலாந்து வந்திருந்தபோது விக்டோரியா அரசிக்கே படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். 1847-இல் சிசிலியையும் கலாப்ரியாவையும் சுற்றினார். காலணியின் மூக்கு போன்ற அந்தத் தென்முனையில் ரெஜ்ஜோவில் கலகம் வெடித்ததால் பயணம் பாதியில் நின்றது. 1864 கடைசியில் நீஸிலிருந்து ஜெனோவா வரை கடலோரச் சாலையில் போய்க்கொண்டே வரைந்தார். 1871 முதல் சான்ரெமோவில் சொந்த வீடு. 1888-இல் அங்கேயே காலமானார். நடுவில், வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் இந்தியா வந்து சுற்றியபோது 1874-இல் குன்னூருக்கும் ஊட்டிக்கும் ஏறி வந்திருக்கிறார். சான்ரெமோ இருக்கும் லிகூரியக் கடலோரத்தில் பழக்கிய அதே கையால் நம் மலையையும் வரைந்தார். இந்தியப் படங்களில் பெரும்பகுதி இப்போது ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. அவர் வரைந்த நிலக்காட்சிகள் அங்கே மட்டும் மூவாயிரத்துக்கு மேல்.

முறை மூன்று அமர்வாகப் பிரியும். இடத்தில் பென்சில். வீட்டில் மை, இதற்கு அவர் வைத்திருந்த சொல்லைத் தமிழில் 'பேனாவில் எடுத்தல்' எனலாம். கடைசியாக வண்ணம். இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு நாளும் இருக்கலாம், ஒரு மழைக்காலமே போகலாம்.

பென்சில் அமர்வுக்கு இருபது நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மூட்டம் உங்களைக் கேட்காது. தாள் முழு இம்பீரியலில் கால்பங்கு, அதாவது 11 அங்குலத்துக்கு 15. பென்சில் எச்பி அல்லது பி. காலை ஈரம் ஏறிய தாளில் 2எச் பள்ளம் போடும். பின்னால் வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கருப்புக் கம்பிபோல நிற்கும். 4பி என்றால் உள்ளங்கை பட்டு வானம் முழுக்க அழுக்கு. ரப்பரைத் தொடாதீர்கள். ஈரத்தாளில் ரப்பர் நாரைக் கிளப்பிவிடும், கிளம்பிய இடம் வாஷை உறிஞ்சித் திட்டாகும். கோடு தப்பாகிவிட்டால் பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். லியர் தாள்களிலும் அப்படி இரட்டைக் கோடு உண்டு.

முதலில் போட வேண்டிய கோடு தொடுவானம். குன்னூர் பக்கத்துக் காட்சிமுனையான லேம்ப்ஸ் ராக்கில் நின்று கோயம்புத்தூர்ச் சமவெளியைப் பார்க்கிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். சமவெளி கீழே கிடக்கிறது என்று மனசு சொல்வதால் அதன் முடிவுக்கோட்டையும் தாளில் கீழே போட்டுவிடுவார்கள். காலடியில் இருக்கிற மேட்டுப்பாளையம் பக்கம்தான் கீழே. சமவெளி முடிகிற இடம், எவ்வளவு உயரத்தில் நின்றாலும், கிட்டத்தட்ட உங்கள் கண்மட்டத்துக்கு ஏறி வந்து நிற்கும். 1500 மீட்டர் கீழே பார்த்தாலும் அது கண்மட்டத்துக்கு ஒரு டிகிரி சொச்சம்தான் இறங்கும். சந்தேகம் இருந்தால் பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலைக் கண்ணெதிரே பிடியுங்கள். உள்ளே இருக்கும் நீர்மட்டத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிகிற உயரம் எதுவோ அதுதான் கண்மட்டம். தொடுவானம் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கும்.

கடலை லியர் கையாண்டதும் இப்படித்தான். கரையில் நின்று வரைந்தால் கடல் ஒரு நூல். மலைப்பாதையில் ஏறி நின்றால் அதே கடல் அகலமான பட்டை. அமால்ஃபியிலும் லிகூரியாவிலும் அவர் ஏறிப்போய் உட்கார்ந்த இடங்களில் கடல் படத்தின் நடுவரை எழும்பி நிற்கும். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கு நீட்டிய பாறைமுனைகள், முன்னால் இருபக்கமும் ஆலிவ் மரம் சட்டம் கட்டினாற்போல. நமக்குக் கடல் இல்லை, சமவெளி இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் சமவெளிமேல் மேகம் படுத்திருக்கும் நாட்களில் அது கடலேதான். மலைமூக்குகள் அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆலிவுக்குப் பதில் சில்வர் ஓக்கோ கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) முன்னால் நிற்கட்டும்.

தொடுவானத்துக்குப் பிறகு மலைவிளிம்புகள், தூரத்திலிருந்து கிட்டத்துக்கு. மூட்டம் முதலில் விழுங்குவது தூரத்தை, ஆகவே அதை முதலில் பிடியுங்கள். கிட்டத்துப் பாறை எங்கும் போகாது. பத்து நிமிஷத்தில் கோடு முடிந்துவிட வேண்டும். மிச்சம் பத்து நிமிஷம் எழுதுவதற்கு.

பலர் இந்த இடத்தில்தான் சோம்பல் படுகிறார்கள். 'போனில் போட்டோ எடுத்துக்கொண்டேனே' என்பார்கள். போட்டோவில் மூட்டம் வெறும் வெள்ளையாகிவிடும், நிழல் கருப்பாகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் கண் பிரித்துப் பார்த்த ஆறேழு படிகளும் போய்விடும். எழுத்தில் அவை நிற்கும். நிறத்துக்கு இரண்டெழுத்துச் சுருக்கமும், அடர்த்திக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணும் போதும். ஒன்று வெறும் தாள், ஒன்பது அந்தக் காட்சியிலேயே மிகக் கருத்த இடம். லேம்ப்ஸ் ராக்கில் போட்ட தாளில் இப்படி இருக்கலாம்:

"லேம்ப்ஸ் ராக், 14 டிச., காலை 7.50. சமவெளி சா.நீ 2, வானத்தோடு ஒட்டுது, கோடு வேண்டாம். மூன்றாவது மேடு நீ 3. எதிர்மலை ஊ.நீ 5, அடியில் வெளுப்பு, மேல் விளிம்பு கூர். காட்டுச் சரிவு க.ப 7, தனி மரம் தெரியலை. தேயிலை ம.ப 3, நிழல் 5, வரிவரியா. பாறை 8, ஈரம் மின்னுது. வெயில் இடது."

சா.நீ என்றால் சாம்பல் நீலம், ம.ப மஞ்சள் பச்சை. உங்களுக்குப் புரிந்தால் போதும். எந்த விளிம்பு கூர், எது கரைகிறது என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் மறப்பது அதுதான். மணி எழுதுவதும் சடங்குக்காக இல்லை. மணி தெரிந்தால் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பதை மேசையில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கில் நம் ஊருக்கும் சான்ரெமோவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை அறியாமல் லியர் படத்தைப் பார்த்துக் காப்பியடித்தால் ஏமாற்றம்தான். சான்ரெமோ 44 டிகிரி வடக்கை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் அங்கே 23 டிகிரிக்கு மேல் ஏறாது. ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல 2.4 மடங்கு. நாள் முழுக்கச் சாய்ந்த வெயில், நாள் முழுக்க மலையின் மடிப்பு தெரியும். குன்னூர் 11 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. அதே நாளில் உச்சிவெயில் 55 டிகிரி, நிழல் உயரத்தில் 0.7 பங்கு. லியர் அங்கே நண்பகலில் பார்த்த சாய்வு இங்கே காலை 8.25-க்கு முன்னும் மாலை 4.15-க்குப் பின்னும்தான் கிடைக்கும். அந்த இரண்டு வேளைக்கு நடுவில் தேயிலைச் சரிவு தட்டையான பச்சைப் பாயாகிவிடும். ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அந்த வாரங்களில் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை பென்சிலை எடுக்காமல் டீ குடிக்கலாம்.

பேனா அமர்வு. மை நீரில் கரையாததாக இருக்க வேண்டும், பிக்மென்ட் மை அல்லது அக்ரிலிக் மை. சாதாரண பவுண்டன் பேனா மை வாஷ் பட்டதும் ஊதாவாக ஓடும். அரக்கு சேர்த்த இந்தியன் இங்க்கை பவுண்டன் பேனாவில் ஊற்றினால் பேனா போய்விடும். அதற்குத் தொட்டு எழுதுகிற நிப்தான். நிறம் செபியா. அக்ரிலிக் மையாக இருந்தால் தூரத்து மேடுகளுக்கு ஒரு பங்கு மைக்கு இரண்டு பங்கு நீர், நடுமலைக்குச் சரிபாதி, முன்னால் உள்ள பாறைக்கும் மரத்துக்கும் அப்படியே. மற்ற மைகளை இவ்வளவு நீர்த்தால் கரையாத குணம் போய்விடலாம், துண்டுத்தாளில் சோதித்துவிட்டுத் தொடுங்கள். எல்லா மேட்டுக்கும் ஒரே தடிமனில் கோடு இழுப்பதுதான் இந்த அமர்வின் பெரும்பிழை. படம் பாடப்புத்தக வரைபடம்போல ஆகிவிடும். 'கோடு வேண்டாம்' என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைக்கவே கூடாது. குறிப்பு எழுத்துகளையும் மையில் எடுக்கலாம், லியர் எடுத்தார். என்னைக் கேட்டால் எடுப்பதே நல்லது. வண்ணம் போட்டபின் பென்சில் எழுத்து அடியில் மங்கி, தேவைப்படும் நேரத்தில் படிக்க முடியாது.

குன்னூரில் மழைக்காலத்தில் மை காய ஒரு இரவு விடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஈரவிரலால் ஓரத்தில் தேய்த்தால் பழுப்பாக ஒட்டும். ஒட்டாமல் ஆன பிறகுதான் வண்ணத்துக்குப் போக வேண்டும்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், மலையில் வாட்டர்கலர் கெடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். நல்ல பருத்தித் தாளில் சைஸிங் என்கிற பசைப்பூச்சு இருக்கும். அதனால்தான் வண்ணம் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று ஒளிர்கிறது. ஜூனிலிருந்து நவம்பர்வரை மாறி மாறி இரண்டு பருவமழை வாங்குகிற வீட்டில், திறந்த அலமாரியில் வைத்த தாளின் பசையைப் பூஞ்சை தின்றுவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வாஷ் போட்டதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருத்த புள்ளி விழும், ஒற்றுத்தாளில் மை சொட்டினாற்போல. அதை வண்ணத்தின் குறை என்று நினைத்துப் புது ட்யூப் வாங்குகிறவர்கள் உண்டு. சோதனை எளிது: மூலையில் ஒரு சொட்டு நீர். முத்துப்போல ஒரு நிமிஷம் நின்றால் தாள் நலம். வைத்ததும் பரவிக் கருத்தால் பசை போய்விட்டது.

அந்தத் தாளைக் குப்பையில் போட வேண்டாம். நூறு மில்லி குளிர்ந்த நீரில் இரண்டு கிராம் சமையல் ஜெலட்டினைப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்க விட்டால் பசைத்திறன் குறைந்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலப் பிரஷால் ஒரு பக்கம் பூசி, தட்டையாகப் போட்டு அரை நாள் காயவிட்டு, மறுபக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் தாள் அப்பளம்போலச் சுருளும். வெயில் நிச்சயமாக இருக்கும் நாளில் மட்டும் இந்த வேலை. மூட்டத்தில் பூசிய ஜெலட்டின் காய்வதற்குள் அதுவே பூஞ்சைக்குச் சாப்பாடு. புள்ளி விழுந்து மஞ்சள் பாரித்த தாளுக்கு இது உதவாது. அதை பென்சில் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

வராமல் காப்பது இதைவிட லேசு. தாளை பாலித்தீன் உறையில் மூடி, இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சிலிக்கா மணிகளின் நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத வாணலியில் சிறுதீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். வெளிச்சுவரை ஒட்டி மட்டும் பெட்டியை வைக்காதீர்கள். குன்னூர் வீடுகளில் மேற்குச் சுவர் ஆகஸ்ட் மாதம் முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும்.

இனி வண்ணம். லியர் காலத்தில்தான் இந்த வேலை எளிதானது. ஈரப்பதம் காக்கும் கட்டி வண்ணம் 1830-களில் வந்தது, உலோக ட்யூபில் வாட்டர்கலர் 1840-களில். நமக்கு ஏழு ட்யூப் போதும்: கோபால்ட் நீலம், பிரெஞ்சு அல்ட்ராமரீன், ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, பர்மனென்ட் ரோஸ், ஒரு குளிர்ந்த மஞ்சள், ஒரு சூடான மஞ்சள். சியன்னா இரண்டும் இத்தாலியின் சியேனா ஊர் மண்ணிலிருந்து பெயர் எடுத்தவை. நம் ஊர்ப் பாதை மண்ணுக்கு பர்ன்ட் சியன்னா அப்படியே ஒத்துப்போகும். பழைய செய்முறைகளில் வரும் ரோஸ் மேடரும் அசல் கம்போஜும் வெளிச்சத்தில் வெளுக்கிறவை, அவற்றின் இடத்தில்தான் பர்மனென்ட் ரோஸும் மஞ்சள்களும். மாணவர் தர ட்யூபில் கோபால்ட் என்று பெயர் இருந்தாலும் பின்பக்கம் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.பி. 28 என்று இருந்தால் கோபால்ட். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரீன்தான் உள்ளே. பி.பி. 15 இருந்தால் தாலோ நீலம். அது தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், ஒற்றி எடுக்க முடியாது, மூட்டம் வரையும் இடத்துக்கு ஆகவே ஆகாது.

முதல் வாஷ் தாள் முழுக்க, மிக நீர்த்த ரா சியன்னா. கால்பங்குத் தாளுக்கு இரண்டு டீஸ்பூன் கலவை போதும், மூன்று கலக்குங்கள். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அந்த இடத்தில் வரி விழும். பலகையின் மேல்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி, 12-ஆம் எண் வட்டப் பிரஷில் மேலிருந்து கீழே. முழுதாகக் காய்ந்தபின் வானமும் தூரமும்: கோபால்ட் மூன்று பங்கு, ரோஸ் கால் பங்கு. அடுத்த மேட்டுக்கு அல்ட்ராமரீன் நான்கு, ரோஸ் ஒன்று, பர்ன்ட் சியன்னா பிரஷ் நுனியளவு. அல்ட்ராமரீன் சொரசொரப்பான தாளில் குருணையாகப் பிரியும்; மலைக்கு அது அழகு, வானத்துக்கு அழுக்கு. வானத்தில் கோபால்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாஷுக்கும் நடுவே தாள் காய வேண்டும். பிப்ரவரி ஊட்டியில் அது ஐந்து நிமிஷம். சில நாள் வாஷ் அடியை எட்டுவதற்குள் மேலே காய்ந்து விளிம்பு கட்டும். அப்போது கலவையில் இரண்டு சொட்டு கிளிசரின். ஆகஸ்ட் குன்னூரில் முக்கால் மணி நேரம் ஆனாலும் காயாது. பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று அடுத்த வாஷைத் தொட்டால் ஈரம் உள்ளே இருப்பதால் புது நீர் பழைய வண்ணத்தைத் தள்ளி காலிஃபிளவர்போல விளிம்பு கட்டும். புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. ஹேர் டிரையர் பிடிப்பதென்றால் பளபளப்பு போன பிறகு, ஒரு அடி தள்ளி. ஈரமாக இருக்கும்போதே பிடித்தால் காற்று வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

காத்திருக்கும் நேரத்துக்கு லியரிடமே ஒரு வழி இருக்கிறது. விற்பனைக்காக ஒரே சமயத்தில் அறுபது வாட்டர்கலர்வரை போடுவார். எல்லாத் தாளிலும் கோடு, பிறகு எல்லாவற்றிலும் ஒரு வண்ணம், பிறகு அடுத்தது. தன்னை அடிமையாக்கியதால் அந்தப் படங்களுக்குக் 'கொடுங்கோலர்கள்' என்று பெயர் வைத்திருந்தார். படங்களாக அவை அவ்வளவு ருசியில்லை. இடத்தில் போட்ட கிறுக்கல் தாள்களின் உயிர் அவற்றில் கிடையாது. ஆனால் வேலைமுறையாக அது மழைக்காலக் குன்னூருக்கென்றே செய்தது. நான்கு தாளை வரிசையாக வையுங்கள், நான்கிலும் முதல் வாஷ். நான்காவது முடிகிற நேரத்தில் முதலாவது இன்னும் காயாதுதான், ஆனால் மாலையில் ஒரு சுற்று, மறுநாள் காலையில் ஒரு சுற்று என்று இரண்டு நாளில் நான்கும் முடியும். அவசரத்தில் கெடுக்கிற படம் மிச்சம்.

பச்சைதான் நீலகிரியில் எல்லோரையும் கவிழ்ப்பது. ட்யூபிலிருந்து எடுத்த சாப் கிரீனைத் தேயிலைமேல் போட்டால் பிளாஸ்டிக் பாய். தேயிலையின் வெயில்பட்ட கொழுந்துக்குக் குளிர்ந்த மஞ்சள் ஐந்து, கோபால்ட் ஒன்று. நிழல் பக்கத்துக்குச் சூடான மஞ்சள் இரண்டு, அல்ட்ராமரீன் இரண்டு, பர்ன்ட் சியன்னா ஒன்று. செடி செடியாகப் புள்ளி வைக்காதீர்கள். கவாத்து செய்த தோட்டத்தில் மேல்தளம் ஒரே பரப்பாக இருக்கும், வரிசைக்கு நடுவே உள்ள நடைபாதை நிழல்தான் அதற்கு வடிவம் கொடுக்கிறது. அந்தக் கோடுகள் சரிவின் வளைவைப் பின்பற்ற வேண்டும். சோலைக்கு மஞ்சளே குறைவு: அல்ட்ராமரீன் மூன்று, பர்ன்ட் சியன்னா இரண்டு, சூடான மஞ்சள் ஒன்று, விளிம்பு மட்டும் குமிழ்குமிழாக.

கற்பூர மரத்துக்கு லியரின் ஆலிவ் பச்சை அப்படியே உதவும். இரண்டுக்கும் இலையில் அந்தச் சாம்பல் கலந்த வெளிர்ப்பு உண்டு. கோபால்ட் இரண்டு, ரா சியன்னா இரண்டு, ரோஸ் ஒரு துளி. ரோஸ் சேர்த்ததும் பச்சை அடங்கிச் சாம்பலுக்குப் போவதைத் தட்டிலேயே பார்க்கலாம். சீகை (வாட்டில்) மரம் பூத்திருந்தால் மஞ்சளை முதல் வாஷிலேயே விட்டுவையுங்கள், பின்னால் மேலே போட்டால் எடுபடாது.

அவரிடமிருந்து எடுக்கக்கூடாதது தூரத்தின் நிறம். இத்தாலியக் கடலோரத்தில் தூரம் நீலமாகிறது. காற்றில் உள்ள நுண்துகள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் கருத்த பகுதிகள் முதலில் நீலம் ஏறும், வெளிச்சமான சுவரும் கூரையும் நிறம் மாறாமல் கொஞ்சதூரம் தாங்கும். இங்கே ஜனவரி, பிப்ரவரி தெளிந்த நாட்களில் அதுவே நடக்கிறது. ஆனால் மூட்டம் வேறு. நீர்த்திவலை பெரிது, எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சிதறடிக்கும், தூரம் வெள்ளைச் சாம்பலாகும். மூட்டத்தை நீலமாகப் போட்டால் புகைபோல இருக்கும். சைனீஸ் ஒயிட் பூசினால் சுண்ணாம்பு. தாளையே மூட்டமாக விட வேண்டும். மலையின் மேல்விளிம்பைக் கூராகப் போட்டு, கீழே வரும்போது வெறும் நீர்ப்பிரஷால் இழுத்துக் கரையுங்கள். தப்பினால் பளபளப்பு போவதற்குள் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கலாம். பளபளப்பு போனபின் தொடாதீர்கள். இந்த விஷயத்தில் லியரைவிட அறுபது வருஷம் முந்திய ஜான் ராபர்ட் காசன்ஸ்தான் நமக்கு நெருக்கம். 1782-இல் நேப்பிள்ஸ் பக்கம் போய் வந்தவர். நீலம், சாம்பல், மங்கிய பச்சை என்று சில வண்ணங்களிலேயே முழு வளைகுடாவையும் முடித்துவிடுவார். மழைநாள் கோத்தகிரியைப் போட அந்தக் கஞ்சத்தனம் வேண்டும்.

வண்ணம் போடும் மேசை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சான்ரெமோவில் லியரின் முதல் வீட்டுக்குக் கீழே பெரிய ஓட்டல் ஒன்று எழும்பி, கடலை மறைத்ததோடு அதன் சுவரில் பட்ட வெயில் அவர் ஸ்டுடியோவுக்குள் பாய்ந்தது. அந்த வெளிச்சத்தில் நிறம் பார்க்க முடியாமல் வேறு இடத்தில் நிலம் வாங்கிப் புது வீடு கட்டி 1881-இல் குடிபோனார். பூனை குழம்பிவிடக்கூடாதென்று பழைய வீட்டின் அமைப்பிலேயே கட்டினார் என்று சொல்வார்கள். நம் ஊரில் எதிரி சிவப்புத் தகரக் கூரை. அதன் பிரதிபலிப்பு விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து கலந்த சாம்பல், படத்தை வேறு அறைக்கு எடுத்துப் போனதும் பச்சையாகத் தெரியும். வடக்கு ஜன்னல் இல்லாவிட்டால் ஜன்னலின் கீழ்ப்பாதியை வெள்ளைத் தாளால் மூடி, வானத்து வெளிச்சம் மட்டும் மேலிருந்து விழும்படி செய்யுங்கள்.

முதல் தாளுக்கு கேத்தி பள்ளத்தாக்கு நல்லது. காய்கறிப் படிக்கட்டு வயலும் வரிசை வீடுகள் கொண்ட ஹட்டியும் (படகர் ஊர்) இருப்பதால் அளவு பிடிபடும். லேம்ப்ஸ் ராக்குக்கு எட்டரைக்குள் போய்விட வேண்டும். டால்பின் நோஸில் கூட்டம் வருவதற்கு முன்பே மூட்டம் வந்துவிடுவதும் உண்டு. கோடநாட்டில் மோயார்ப் பள்ளம் காலையில் கண்கூசும், மாலை நான்கரைக்குமேல் மடிப்பு மடிப்பாகத் திறக்கும். எங்கே போனாலும் பையில் துண்டு ஒன்று, கிளிப் நான்கு. மாஸ்கிங் டேப் ஈரக்காற்றில் ஒட்டாது, ஒட்டினாலும் எடுக்கும்போது தாளின் தோலை உரித்துக்கொண்டு வரும்.